கற்பூரம் கரைவதும் எரிவதும்: வேதிவினையை வீட்டிலேயே இனங்கண்டு எழுதும் முறை

பூசையறையில் கற்பூர டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டால், ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது வில்லைகள் இளைத்துப் போயிருக்கும். அதே வில்லை ஒன்றைத் தட்டில் வைத்து ஏற்றினால், சில நிமிடங்களில் அதுவும் இல்லாமற்போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், வேதியியல் இவற்றை வெவ்வேறு பக்கங்களில்தான் வரவு வைக்கும். டப்பாவில் நடந்தது பதங்கமாதல். திடமாக இருந்த கற்பூரம் உருகாமலேயே ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணமே, அது இன்னும் கற்பூரமாகத்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. தட்டில் எரிந்ததோ கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் சிறிது கரியாகவும் மாறிவிட்டது. அவற்றை எவ்வளவு குளிர்வித்தாலும் ஒரு துணுக்குக் கற்பூரம்கூடத் திரும்பக் கிடைக்காது.

கற்பூரத்தின் வெண்மை, மணம், ஆவியாகும் தன்மை ஆகியவற்றை அதை அழிக்காமலே அறிந்துகொள்ள முடிவதால் அவை இயற்பண்புகள் எனப்படுகின்றன. அது தீப்பற்றும் என்பதை அறிய வேண்டுமானால் அதைக் கொளுத்தித்தான் ஆகவேண்டும். அறிந்த நேரத்தில் அந்தக் கற்பூரம் இருக்காது. ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும்போது மட்டுமே, அல்லது மாற மறுக்கும்போது மட்டுமே வெளிப்படும் இத்தகைய தன்மைகளை வேதிப்பண்புகள் என்கிறோம். ஆகவே வேதிப்பண்புகளைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, சில பொருள்களைச் சந்திக்க வைத்து, நடப்பதையும் நடக்காததையும் ஏட்டில் குறித்துக்கொள்வதே அவற்றைக் கற்பதற்கு நேரான வழி என்பது என் கருத்து. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யத்தக்க முறையை இங்கே தருகிறேன்.

தேவையானவை

வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, மஞ்சள் தூள், ஆப்பச்சோடா, வினிகர், எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் சோடா, நான்கைந்து இரும்பாணிகள், உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) சிறிதளவு, கண்ணாடித் தம்ளர்கள், 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஆகியவை போதும். மயில்துத்தம் நஞ்சு என்பதால், அதற்கென்று ஒதுக்கிய கண்ணாடிக் குவளையைத் திரும்பச் சமையலறைக்குள் கொண்டுவரக்கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது; மூடிக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தப்பித் தெறித்துவிட்டால் ஓடும் நீரில் பல நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அவை சேர்ந்தால் வெளிவருவது குளோரின். 1915-இல், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் நச்சாயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே வாயு.

அறிகுறிகளை நம்பலாமா?

நிறம் மாறுதல், குமிழி எழுதல், வீழ்படிவு (கரைசலில் கரையாமல் பிரியும் திடப்பொருள்) தோன்றுதல், சூடேறுதல் அல்லது குளிர்தல், புதிய மணம் வருதல் ஆகியவை வேதிவினையின் அறிகுறிகள் என்று பாடநூல்கள் வரிசைப்படுத்துகின்றன. இவை சந்தேகத்தைக் கிளப்பும் தடயங்கள் மட்டுமே. தீர்ப்பு இவற்றில் இல்லை. கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி எழுகிறது, ஆனால் வெளிவருவதும் தண்ணீர்தான். கோலி சோடாவைத் திறந்தவுடன் பொங்குவதில் பெரும்பகுதி, அழுத்தத்தால் கரைந்திருந்த வாயு விடுபட்டு ஓடுவதுதான். உறைந்த தேங்காய் எண்ணெய் வெயில் பட்டதும் நிறமிழந்து தெளிகிறது, அதுவும் உருகுதலே. மாறாக, இரும்பு துருப்பிடிப்பதில் குமிழியும் இல்லை, கையில் உணரத்தக்க சூடும் இல்லை. ஆனால் அது முழுமையான வேதிவினை.

‘திரும்பப் பெற முடியாவிட்டால் வேதிமாற்றம், முடிந்தால் இயற்பியல் மாற்றம்’ என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதுண்டு. கற்பூரத்துக்கு அது பொருந்தும்; எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அந்த விதி எங்கே உடைகிறது என்பதை ஆரத்தித் தட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு தம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்கி, கடுகளவு சுண்ணாம்பைச் சேருங்கள். மஞ்சள் நொடியில் குங்குமச் சிவப்பாகும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் அயனிகளை (மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் அணுக்களை) இழந்து வேறு வடிவம் எடுப்பதால் ஒளியை உறிஞ்சும் விதமே மாறிவிடுகிறது. இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகி, கலக்கியவுடன் மீண்டும் சிவந்து, ஏதோ ஒரு சொட்டில் மொத்தமும் மஞ்சளுக்குத் திரும்பி அப்படியே நின்றுவிடும். அந்தச் சொட்டோடு நடுநிலையாக்கல், அதாவது அமிலம் காரத்தைச் சரிக்கட்டுவது, முடிந்தது என்று பொருள். நிறம் திரும்ப வந்துவிட்டது. ஆயினும் போனதும் வந்ததும் இரண்டுமே வேதிவினைகள்தாம். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகி வயிற்றைக் கலக்குவதும், நன்றாக அலசிய பின் மஞ்சளாவதும் இதே கதைதான்.

மஞ்சளின் ஒரு குறையையும் குறித்துக்கொள்ளுங்கள். அமிலத்திலும் அது மஞ்சள், வெறுந்தண்ணீரிலும் மஞ்சள். ஆகவே காரத்தை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். அமிலத்தையும் பிரித்தறிய வேண்டுமானால் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலச் சாறு நல்லது. எலுமிச்சையில் அது ஊதாவாகும், சுண்ணாம்பில் பச்சையாகும்.

சுண்ணாம்பு: ஒரே பொருளின் நான்கு முகங்கள்

ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேதியியல் கற்கலாம் என்றால் நான் சுண்ணாம்பைத்தான் எடுப்பேன். கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பை ஒரு லிட்டர் வடிகட்டிய தண்ணீரில் போட்டுக் குலுக்கி, மூடி, ஓர் இரவு அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வெண்படிவும் மேலே கண்ணாடி போன்ற தெளிவும் பிரிந்திருக்கும். அடியைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டால் அதுவே சுண்ணாம்பு நீர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடின் கரைசல். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 கிராம்தான் கரையும். கூடுதலாகப் போட்டதெல்லாம் அடியில்தான் கிடக்கும். சர்க்கரைக்கு நேர்மாறாக, தண்ணீரைச் சூடாக்கினால் இன்னும் குறைவாகவே கரையும்.

அந்தத் தெளிவைக் கால் தம்ளர் எடுத்து ஸ்டிராவால் மெதுவாக ஊதுங்கள். ஊதுவது மட்டுமே, தவறியும் உறிஞ்சக்கூடாது. சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளிறும். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

பெரும்பாலான வகுப்பறைகளில் இந்தச் சோதனை இங்கேயே முடிந்துவிடுகிறது. சுவையான பகுதி இதற்கு அப்பால்தான் இருக்கிறது. வேறொரு தம்ளரில் ஒரு பங்கு சுண்ணாம்பு நீருக்கு மூன்று பங்கு வடிகட்டிய தண்ணீர் சேர்த்து, அதில் குளிர்ந்த சோடாவைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முதலில் பால் நிறம் வரும். நிறுத்தாமல் தொடர்ந்து ஊற்றினால் அந்தப் பால் மெல்ல மெல்லத் தெளிந்து மறையும். கூடுதலாக வந்த கார்பன் டை ஆக்சைடும் நீரும், கரையாத கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி வெண்மை திரும்ப வந்துவிடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெந்நீர்ப் பானையின் அடியில் தட்டினால் உதிரும்படி ஏறியிருக்கும் வெள்ளைப் பொருக்கு இவ்வாறு வந்ததே. சுண்ணாம்புக் குகைகளின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் கொதிக்க வைக்காமல் நிகழும் இதே வினையால் ஆனவை. அங்கே நீர் சொட்டும்போதே வாயு வெளியேற, கல் படிகிறது.

நான்காவது முகம் சூளையில் இருக்கிறது. கடற்கரையிலும் கழிமுகங்களிலும் வாரிய கிளிஞ்சலை, அல்லது சுண்ணாம்புக்கல்லை, காளவாயில் அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசுக்குச் சுட்டால் அதிலுள்ள கால்சியம் கார்பனேட் சிதைகிறது.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

100 கிலோ தூய கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மற்ற 44 கிலோ கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போய்விடும். எரித்ததால் எடை குறைந்த இந்தக் கணக்கை 1750-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் துல்லியமாக நிறுத்துப் பார்த்தார். கல்லிலிருந்து வெளிவரும் வாயுவும், நம் மூச்சில் வந்து சுண்ணாம்பு நீரை வெளிறச் செய்யும் வாயுவும் ஒன்றே என்று அவர் கண்டதுதான் வாயுக்களையும் பொருளாகக் கருதி எடைபோடும் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம்.

சுட்ட சுண்ணாம்பின் மீது தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது சீறிக் கொதிப்பதை, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அடியில் அடுப்பு இல்லை; கால்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகும்போது வெளியாகும் வெப்பமே பானையைக் கொதிக்க வைக்கிறது. இத்தகைய வினைக்கு வெப்ப உமிழ்வினை என்று பெயர். இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; குறிப்பாக மூடிய பாத்திரத்தில் நீற்றினால் அது வெடிக்கக்கூடும். சுவரில் பூசிய ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை நாள்தோறும் உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாக இறுகுகிறது. அதாவது, பல படிகளைத் தாண்டிச் சுவர் மறுபடியும் கல்லாகிறது. நீங்கள் எடுத்து வைத்த சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்தால் மறுநாள் மேலே மெல்லிய ஆடை படிந்திருக்கும். விரலால் தொட்டால் பொடியாக நொறுங்கும் அந்த ஆடையும் அதே கல்தான்.

நிறுத்துப் பார்த்தல்

எதுவும் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை என்பதைத் தராசில் காண்பதற்கு ஆப்பச்சோடாவும் வினிகரும் போதும். நான் முதன்முறை செய்தபோது, வினிகர் பாட்டிலின் வாயில் சோடா நிரப்பிய பலூனை மாட்டிக் கவிழ்த்தேன். பலூன் அழகாக உப்பியது; ஆனால் எதுவும் வெளியேறாமலே எடை குறைந்தது. வாயு கசிகிறது என்று நினைத்து நூலால் இறுக்கிக் கட்டிக்கட்டிப் பார்த்தும் பயனில்லை. உப்பிய பலூன் தன் பருமனுக்குச் சமமான காற்றை இடம்பெயரச் செய்வதால் காற்று அதைச் சிறிது மேல்நோக்கித் தாங்குகிறது என்பது பிறகே புரிந்தது. ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம், சிறு தராசுக்கு அது பெரிய தொகை.

ஆகவே உப்பாத பாத்திரம் வேண்டும். ஒரு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் 30 மில்லி வினிகர் ஊற்றுங்கள். 1 கிராம் ஆப்பச்சோடாவை மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் பொட்டலமாகக் கட்டுங்கள். பாட்டில், மூடி, பொட்டலம் மூன்றையும் சேர்த்து நிறுத்து எடையைக் குறித்த பின், பொட்டலத்தை உள்ளே போட்டு உடனே மூடியை இறுக்கித் திருகுங்கள். பொங்கி அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் நிறுங்கள், எடை மாறியிருக்காது. பாட்டிலை அழுத்திப் பார்த்தால் முன்பைவிட விறைப்பாக இருக்கும். இப்போது மூடியை மெதுவாகத் திறந்தால் ‘உஸ்’ என்று வாயு வெளியேறும். பாட்டிலைச் சில முறை பிழிந்து விட்டு உள்ளே தங்கிய வாயுவையும் வெளியேற்றி, மூடியோடு சேர்த்து மறுபடி நிறுத்தால் ஏறத்தாழ அரை கிராம் குறைந்திருக்கும். ஆப்பச்சோடாவின் மூலக்கூறு நிறை 84, அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. ஆகவே 1 கிராமுக்கு 0.52 கிராம் வாயு என்று கணக்கும் சொல்கிறது. வினிகரில் சிறிதளவு வாயு கரைந்து நின்றுவிடுவதால் தராசு அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் வியப்படைய வேண்டாம். சோடாவின் அளவைக் கூட்டி மூடிய பாட்டிலில் செய்யாதீர்கள். அளவு கூடினால் அழுத்தமும் கூடும்.

இந்தக் கலவையைத் திறந்த தம்ளரில் கொஞ்சம் கூடுதலாகச் செய்து வெளிப்புறத்தைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். இது சுண்ணாம்பு நீற்றுவதற்கு எதிரான வெப்பக்கொள் வினை.

சமன்பாட்டை எழுதுவது

எல்லா அணுக்களும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது தராசில் கண்ட உண்மையை எழுத்தில் வைப்பதுதான். கற்பூரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. முதலில் கார்பனைப் பாருங்கள். 10 கார்பன் அணுக்களுக்கு 10 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வர வேண்டும். அடுத்து ஹைட்ரஜன், 16 அணுக்களுக்கு 8 நீர் மூலக்கூறுகள். ஆக்சிஜனை எப்போதும் கடைசியில் எண்ணுங்கள், ஏனெனில் அது தனி மூலக்கூறாகவும் வருவதால் அதன் எண்ணிக்கையை மற்றவற்றைக் குலைக்காமல் மாற்ற முடியும். வலப்புறம் 20-உம் 8-உம் சேர்ந்து 28 ஆக்சிஜன் அணுக்கள். இடப்புறம் கற்பூரத்திலேயே 1 இருக்கிறது. காற்றிலிருந்து 27 வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டிரண்டு அணுக்களாக வருவதால் பதின்மூன்றரை மூலக்கூறு என்றாகிறது. அரை மூலக்கூறை எழுதுவது வழக்கமில்லை, எல்லாவற்றையும் இரட்டித்துவிடுங்கள்.

2 கற்பூரம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்

இதை எடையாக மாற்றினால், 152 கிராம் கற்பூரம் முழுமையாக எரிய 432 கிராம் ஆக்சிஜன் தேவை. கிடைப்பது 440 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 144 கிராம் நீரும். இரு பக்கமும் 584 கிராம். தட்டில் படியும் கரி, அந்த அளவு ஆக்சிஜன் சுடரின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம். சமன் செய்யும்போது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே மாற்றலாம்; மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். தேர்வுத்தாள்களில் அதிக மதிப்பெண் பறிபோவது இந்த இடத்தில்தான்.

நடக்காததையும் எழுதுங்கள்

அரைத் தம்ளர் தண்ணீரில் பட்டாணி அளவு மயில்துத்தத்தைக் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்பாணியை அதில் பாதி மூழ்கும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களிலேயே மூழ்கிய பகுதி செம்பழுப்பாகும். ஓர் இரவு கழித்து நீலம் வெளுத்து இளம்பச்சை தென்படும். இரும்பு தன் எலக்ட்ரான்களைத் தாமிர அயனிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் இறங்க, தாமிரம் வெளியே வந்து ஆணியில் படிகிறது. இதுவே இடப்பெயர்ச்சி வினை. இன்னொரு தம்ளரில் மயில்துத்தக் கரைசலை எடுத்து, ஆணிக்குப் பதில் சுரண்டிச் சுத்தம் செய்த தாமிரக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நிகழாது. அந்த ‘ஒன்றும் நிகழவில்லை’ என்ற வரியும் ஏட்டில் ஏற வேண்டும், ஏனெனில் வினையில் ஈடுபடாமையும் ஒரு வேதிப்பண்பே. எவர்சில்வர் தம்ளரில் இரும்பு இருந்தும் அது துருப்பிடிப்பதில்லை. அதில் கலந்துள்ள குரோமியம், மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலமாகி இரும்பைக் காக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பதற்குப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த ஆக்சைடைக் கரைப்பது காரணம் என்றால், அதே பாத்திரத்தில் ரசம் வைப்பதற்கு முன் உள்ளே ஈயம் பூச வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியதற்கும் அதே அமிலம்தான் காரணம். அவர்கள் பூசச் சொன்ன அந்த ‘ஈயம்’ வெள்ளீயம். நச்சான காரீயத்தை அதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

வேலை முடிந்ததும் மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையிலோ செடியிலோ கொட்டாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நாரைச் சிறிது அதில் போட்டு, நீலம் முற்றிலும் மறையும்வரை ஓரிரு நாள் வைத்திருங்கள். மிஞ்சிய தாமிரம் முழுவதும் நாரில் படிந்துவிடும். வடித்தெடுத்த இளம்பச்சை நீரைத் திறந்து வைத்தால், அது சில நாள்களில் பழுப்பேறி அடியில் துருநிறப் படிவு இறங்கும். அது ஏன் என்பதை மேலே சொன்னவற்றைக் கொண்டே எழுதிப் பாருங்கள். காற்றிலிருந்து எது வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்தால் விடை கிடைக்கும்.